கன்றுக்குட்டிக்குப் பிழிந்த சேவு

சாகும்வரை மறக்க முடியாத சத்தம் என்று ஆளுக்கொன்று இருக்கும். எனக்கு, அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா சேவு கடித்த சத்தம்.

அப்போது நான் கல்லூரியை முடித்துவிட்டு, சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுத் தொழுவில் ‘நவீனப் பால்பண்ணை’ நடத்திக்கொண்டிருந்தேன் (இரண்டு பசு, ஒரு கன்று). பால்குடி மறக்கும் வயதில் இருந்த அந்தக் கன்றுக்குக் குச்சித் தீவனத்தை நானே தயாரிப்பதாகத் திட்டம். வீடியோவில் பார்த்த எந்திரம் வாங்க வழியில்லை. அதனாலென்ன, அம்மாவின் முறுக்குக் குழல் இருக்கிறதே! மக்காச்சோள மாவு, தவிடு, கடலைப்புண்ணாக்கு. உதிராமல் ஒட்டவும் கன்றுக்கு ருசிக்கவும் மொலாசஸ் என்கிற கரும்பாலைக் கழிவுப்பாகு.

“பாகு கொஞ்சூண்டு போதும் தம்பி. கூடிச்சுன்னா கன்னுக்குக் கழிச்சல் எடுத்துரும்” என்று கால்நடை மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் என் முதல் தயாரிப்பைக் கன்று முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த முறை பாகைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்து, பிழிந்து, காயவைத்தேன். கன்று விரும்பித் தின்றது. மறுநாள் தொழுவைக் கழுவிக் கழுவியே என் இடுப்பு ஒடிந்தது.

பயந்துபோய் மிச்சத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் மூடி, அடுப்படி அலமாரியில் வைத்தேன். (தொழுவில் வைத்தால் எலி தின்றுவிடுமாம். என்ன முன்யோசனை!)

அந்த வாரமே பெண் பார்க்க வந்தார்கள். ஒத்தாசைக்கு வந்திருந்த அத்தை பலகாரத் தட்டை நீட்டினார். லட்டுக்குப் பக்கத்தில், கறுகறுவென்று, என் தீவனம்.

மாப்பிள்ளையின் அப்பா ஒன்றை எடுத்து ‘கறுக்’ என்று கடித்தார்.

“கருப்பட்டிச் சேவா? வீட்டுல செஞ்சதோ?”

“ஆமா அண்ணாச்சி, நம்ம வீட்டுலதான்” என்றார் அப்பா பெருமையாக. (அதில் பொய்யே இல்லை.)

தின்றது அவர், வயிற்றைக் கலக்கியது எனக்கு. அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுவிடும். திறக்காவிட்டால், பெரியவர் களக்காடு திரும்பும் பஸ்ஸில்... அந்த மனிதருக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அதற்குள் அவர் ஒரு கைப்பிடி அள்ளிவிட்டார்.

“மாமா, தின்னாதிய!” என்று கத்திவிட்டேன்.

“ஏலே, கிறுக்கு பிடிச்சிருக்கா?” என்றார் அப்பா.

“அது... கன்னுக்குட்டித் தீவனம்.”

அக்காவின் கண் கலங்குவதைப் பார்த்தேன். அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். பெரியவர் வாயில் இருந்ததைத் துப்பவில்லை. பைய மென்று விழுங்கினார்.

“இதைத் தின்ன கன்னுக்கு என்ன ஆச்சு தம்பி?”

“கழிச்சல் எடுத்துச்சு மாமா. இப்பம் பிழைச்சிக்கிட்டு.”

அவர் தன் மனைவி பக்கம் திரும்பினார். “பொண்ணைப் பிடிச்சிருக்குல்லா? அப்பம் பேசிக்கிட்டே இருக்காம பூவை வச்சிருங்க. பஸ் ஏறுதவரைக்கும் என் வயிறு பொறுக்கணும்லா!”

அக்காவுக்குப் பூ வைத்த வேகத்தை எங்கள் சொந்தத்தில் இதுவரை யாரும் மிஞ்சவில்லை.

இன்றைக்கும் நான் அக்கா வீட்டுக்குப் போனால் அவள் மாமனார் தாமே பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். வந்திருக்கும் விருந்தாளிகள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்வார்:

“பயப்படாம தின்னும்வே மருமவனே, இது மனுசத் தீவனம்தான்!”