மிஷின் தலையைக் கழற்றியது தொடர்பாகச் சம்பந்திக்கு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகள் வீட்டிலிருந்து, அதாவது என் மகன் வீட்டிலிருந்து, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் மகன், உங்கள் மகள், நம் பேத்தி வாலு, நான் ஆகிய நால்வரும் உடலளவில் சுகம். அங்கே தாங்களும் தங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும்.

பொருள்: தாங்கள் விட்டுச் சென்ற புல்வெட்டும் மிஷினின் தலை, மற்றும் புல்லின் உயரம்.

முப்பத்து நான்கு வருடம் தண்ணீர் இலாகாவில் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். பொருள் என்று ஒரு வரி போடாமல் எனக்குக் கை ஓடாது, பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நாம் பேசுகிற அழகுதான் தெரியுமே. "நல்லா இருக்கீங்களா சம்பந்தி?" "இருக்கேன், நீங்க?" "இருக்கேன். இருங்க, பொண்ணுகிட்ட குடுக்கறேன்." இதற்குள் ஒரு தும்மல் போடக்கூட இடமில்லை. நேரிலும் அதே கதைதான். மூன்று மாதம் நீங்கள், மூன்று மாதம் நான் என்று நான்கு வருடமாக முறை போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறோம். நான் வந்து இறங்குகிற ரயிலிலேயே நீங்கள் ஏறிப் போகிறீர்கள், நீங்கள் இறங்குகிற ரயிலில் நான் ஏறிப் போகிறேன். ரயில் நிற்பதோ பத்து நிமிடம். போன வாரம் வேலை இல்லாமல் ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தேன். பதினாறு தடவை, ஆக இரண்டு மணி நாற்பது நிமிடம். நான்கு வருட உறவுக்கு நாம் முகம் பார்த்துப் பேசியது அவ்வளவுதான் சம்பந்தி, அதிலும் பாதி நேரம் பெட்டி தூக்குவதில் போயிருக்கிறது.

சரி, பொருளுக்கு வருகிறேன். பிள்ளைகள் அடுக்குமாடியில் இருந்தவரை வம்பில்லை. ஆறு மாதத்துக்கு முன் இந்தத் தனி வீட்டுக்கு வந்தார்கள், வீட்டைச் சுற்றிப் புல், முதல் முறை உங்களுடையது. ஆயுள் முழுக்கத் தண்ணீர் பம்பு பழுது பார்த்தவர் நீங்கள், மிஷின் உங்கள் கையில் வாலாட்டியிருக்கும். நான் பேனாவைத் தவிர எதையும் கழற்றி மாட்டியவன் இல்லை. போன முறை நீங்கள் ரயிலேறும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "சம்பந்தி, நரம்பு குட்டையானா மட்டும் தலையைத் தரையில ஒரு தட்டு தட்டுங்க, தானா நீளும். தலையைக் கழட்டாதீங்க. புல்லை மூணு அங்குலத்துக்குக் கீழ எறக்காதீங்க." சொல்லி முடித்ததும் ரயில் நகர்ந்துவிட்டது. ஏன் கழற்றக் கூடாது, ஏன் மூன்று அங்குலம் என்று ஒரு வார்த்தை கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

மிஷினை முதல் நாள் எடுத்தேன். தலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற நைலான் நரம்பு சுழன்று புல்லை அறுக்கிறது, அதுவரை புரிந்தது. சுழலும்போது அது குட்டையா நெட்டையா என்று எந்த மனிதனுக்குத் தெரியும்? சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனேன். தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் நரம்பு நீண்டது, நீண்டதை மிஷினின் காப்புத்தகட்டில் இருக்கிற கத்தி நறுக்கித் தள்ளியது, உள்ளே சுற்றி வைத்திருந்தது முழுவதும் ஒரே மத்தியானத்தில் தீர்ந்தது. நறுக்கி விழுந்த துண்டுகளைப் பொறுக்கி வாலு தன் வகுப்பு முழுக்க வளையல் செய்து கொடுத்துவிட்டாள். புது நரம்பு சுற்ற வேண்டுமென்றால் தலையைத் திறக்க வேண்டுமே, திறக்க வேண்டுமென்றால் கழற்ற வேண்டுமே என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, இரண்டு நாள் திருகினேன். உலகத்தில் எல்லாத் திருகும் கழல்கிற பக்கமாகத்தான் திருகினேன். அசையவில்லை. துணி சுற்றித் திருகினேன், முழங்காலில் வைத்துத் திருகினேன், இடுப்பில் ஒரு சத்தம் வந்ததே தவிர மிஷினில் வரவில்லை. மூன்றாம் நாள் உங்கள் மாப்பிள்ளை ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் எட்டிப் பார்த்து, "அப்பா, இதுக்கு மரை எதிர்ப்பக்கம். இவ்வளவு நேரம் இறுக்கிட்டு இருந்திருக்கீங்க," என்றான். அதை முதல் நாளே சொன்னால் என்ன? நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்போது அவன் என் மகன், இப்படிப் பேசும்போது உங்கள் மாப்பிள்ளை, அந்த ஏற்பாட்டில் மாற்றம் இல்லை.

தலை கையோடு வந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காது மாதிரி இருந்ததை அமுக்கினேன், மூடி திறந்தது, உள்ளேயிருந்த ஸ்பிரிங் என் காதோரமாகப் பறந்து புல்லுக்குள் விழுந்தது. அப்புறம்தான் தெரிகிறது, தலையைக் கழற்ற வேண்டியதே இல்லை, தண்டிலேயே வைத்து அந்த இரண்டு காதை அமுக்கினால் போதும் என்று. நான் வெட்டாமல் விட்டிருந்த பக்கத்திலோ புல் முழங்கால் உயரம். ஸ்பிரிங்கைத் தேடப் புல்லை வெட்ட வேண்டும், புல்லை வெட்ட ஸ்பிரிங் வேண்டும். இலாகாவில் இதைவிடச் சின்னச் சிக்கலுக்கு மூன்று கமிட்டி போட்டிருக்கிறோம். நான் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன், வாலு உள்ளே போய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு வந்து கால் மணியில் எடுத்துக் கொடுத்தாள். "அந்தத் தாத்தான்னா தொலைச்சிருக்கவே மாட்டாரு," என்று ஒரு சொல்லும் கூடவே கொடுத்தாள். அந்தத் தாத்தா நீங்கள்தான், இப்போது உங்களுக்கு உயரத் தாத்தா என்று பேர். என் தோளுக்கு இருக்கிற நீங்கள் உயரத் தாத்தா, ஆறடி இருக்கிற நான் குட்டைத் தாத்தா. பேர் புல்லை வைத்து வந்தது, அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நரம்பை எப்படியோ சுற்றி மாட்டினேன். உருளையில் அம்புக்குறி ஒரு பக்கம் காட்டியது, நான் மறுபக்கம் சுற்றினேன், ஒன்றோடு ஒன்று பின்னிச் சூட்டில் ஒட்டிக் கட்டியாகிப்போனது, மறுபடி திறந்தேன், மறுபடி ஸ்பிரிங், மறுபடி காந்தம். கடைசியில் ஓடியபோது எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. மூன்று அங்குலம் விட்டால் பத்து நாளில் வளரும், ஒரேயடியாகத் தரையோடு எடுத்துவிட்டால் ஒரு மாதம் நிம்மதி, இது ஏன் அந்த மனிதருக்குத் தோன்றவில்லை என்று உங்களைப் பற்றி இளக்காரமாகக்கூட நினைத்தேன். ஒட்ட எடுத்தேன் சம்பந்தி. சாயங்காலம் பார்க்க முடிதிருத்தகத்திலிருந்து வந்த பிள்ளை மாதிரி இருந்தது. புல்லை உயரமாக விட்டவர் உயரத் தாத்தா, குட்டையாக எடுத்தவர் குட்டைத் தாத்தா என்று வாலு பேர் வைத்தது அன்றைக்குத்தான். நான்காம் நாள் பழுப்பு, வாரக் கடைசியில் மண், அதற்கடுத்த வாரம் புல்லைத் தவிர மற்ற எல்லாக் களையும் முளைத்தது. என் மருமகள் ஜன்னல் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "பரவால்ல மாமா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "பரவால்ல மாமா," என்றாள். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தினம் சாயங்காலம் உங்களுக்கு அவள் போனில் புல்வெளியைக் காட்டுவது வழக்கம். அன்றைக்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கப்பாகிட்ட என்ன மாமா சொல்றது?" என்று நின்றாள். நான்தான் சொன்னேன், "ஒண்ணும் சொல்லாதம்மா, பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிக் காட்டு." அன்றிலிருந்து ஒன்றரை மாதம் நீங்கள் பார்த்துச் சந்தோஷப்பட்டதெல்லாம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டருடைய புல். "சம்பந்தி நல்லா வெச்சிருக்காரே," என்று நீங்கள் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெட்கமாகிவிட்டது. அதோடு விட்டீர்களா, "வேலி என்னம்மா பச்சையா இருக்கு?" என்று கேட்டீர்கள். "பெயிண்ட் அடிச்சோம்ப்பா," என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே, மறுநாள் பெயிண்ட் வாங்கிவந்து நம் வேலி முழுவதும் நான் பச்சை அடித்தேன். நீங்கள் வந்து இறங்கும்போது வேலி பச்சையாக இருந்தால் அதற்கு இதுதான் காரணம்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது, அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மிஷின் தண்டில் ஓரிடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறீர்கள் அல்லவா, அது ஒட்டுப் போட்டது என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் அந்த இடத்தில் கை வைத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். தலை தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி நின்றது. அப்போதுதான் உறைத்தது, அது உங்கள் கை அளவு, உங்கள் உயரத்துக்கு மூன்று அங்குலம் நிற்க வேண்டுமென்று நீங்கள் வைத்த அடையாளம். நான் நெட்டை என்பதால் குனிந்துதான் பிடிக்க வேண்டியிருந்தது. டேப்பை மேலே தள்ளிச் சுற்றிக்கொள்ளலாம்தான், மனசு வரவில்லை. உங்கள் பிடி பட்டுப் பட்டு அது வழவழவென்று ஆகியிருக்கிறது. இந்த வீட்டில் பகல் முழுக்க நான் தனி. காலையில் மூவரும் கிளம்பினால் மூன்று மணிக்கு வாலு வரும்வரை ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான். அந்த நேரமெல்லாம் நான் உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன் சம்பந்தி. இதை ஏன் இப்படிச் சுற்றினீர்கள், அதை ஏன் அங்கே மாட்டினீர்கள் என்று. தலையணையில் உங்கள் வலித் தைல வாசனை இருந்தது. முதல் வாரம் எரிச்சலாக வந்தது, உறையைத் துவைத்துப் போட்டேன், வாசனை போனபிறகு எதையோ தொலைத்த மாதிரி ஆகிவிட்டது.

உங்களுக்கும் அப்படி இருக்குமா என்று கேட்க நினைத்ததுண்டு. நம் இருவர் வீட்டிலும் காத்திருக்க ஆள் இல்லை. திரும்பிப் போனால் அங்கேயும் ஒரு ஃப்ரிட்ஜ்தான்.

ஆகவே என் விண்ணப்பம். என் முறை வருகிற மாதம் பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. அன்றைக்கும் அதே ரயில், அதே பத்து நிமிடம். நீங்கள் பதினைந்து நாள் முன்னாலேயே, ஒன்றாம் தேதி வந்துவிட வேண்டும். மகனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஒரு ரூம்தானேப்பா இருக்கு, ஒரே நேரத்துல ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தர் போதுமே," என்றான். தப்பாகச் சொல்லவில்லை, குழந்தையைப் பார்க்க ஒருவர் போதும்தான். ஆனாலும் கேட்டபோது வலித்தது. அதனால் தகுந்த காரணம் ஒன்று தேவைப்படுகிறது, காரணம் மேலே விவரித்தபடி. இன்றைய நிலவரம்: பாதிப் புல் மொட்டை, பாதி முழங்கால் உயரம், தலை மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, நரம்பு எனக்கு இந்த ஜென்மத்தில் சுற்ற வராது. தாங்கள் நேரில் வந்து கையைப் பிடித்துக் காட்டினால் ஒழிய இந்த வீட்டுப் புல்லுக்கு விமோசனம் இல்லை. இதை இப்படியே உங்கள் மகளிடம் போனில் சொல்லுங்கள், அவள் என் மகனிடம் சொல்லிக்கொள்வாள். கட்டில் உங்களுக்கு. நான் கூடத்து சோபாவில் படுத்துக்கொள்கிறேன், முழங்காலுக்குக் கீழே வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் எனக்கு ஒன்றும் இல்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும் என்று எழுத வந்தேன், நம்மைவிடப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் இப்போது யாரும் இல்லை. ஆகையால் அந்த வணக்கத்தையும் தாங்களே வைத்துக்கொள்ளவும். வாலு உங்களுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், அதைத் தபாலில் அனுப்ப எனக்குக் கூச்சமாக இருக்கிறது, வந்து நேரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், மனசு கேட்காமல் பிரித்து இதைச் சேர்க்கிறேன். இன்றைய நிலவரம் என்று எழுதியது பொய். மிஷின் தலையை இப்போது நான் நான்கு நிமிடத்தில் பிரித்து, நரம்பு சுற்றி, மூடிவிடுவேன். மொட்டையெல்லாம் மூடிக்கொண்டது. வாலுவின் ஸ்கேலை வைத்துப் பதினோரு இடத்தில் அளந்தேன், எல்லா இடத்திலும் மூன்று அங்குலம். நேற்றிலிருந்து உங்களுக்குப் போனில் தெரிவது நம் புல்தான். இன்னொன்று, பல் டாக்டர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார், ஒன்றாம் தேதி வாக்கில் குளிர் தொடங்கி இங்கே புல் வளர்வது நின்றுவிடுமாம், இரண்டு மாதத்துக்கு மிஷினை எடுக்கவே வேண்டாமாம். ஆக நீங்கள் வந்தால் எனக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றும் கிடையாது, வெட்டவும் ஒன்றும் கிடையாது. காலையில் பிள்ளைகள் கிளம்பியதும் ஆளுக்கொரு டீயை எடுத்துக்கொண்டு வெளியே உட்கார வேண்டியதுதான். என்ன பேசுவோம் என்று எனக்கும் தெரியவில்லை. வாருங்கள்.