எல்க் மானுக்கு உடைத்த தேங்காய்

தேங்காய் உடைக்காமல் யாழ்ப்பாணத்து ஆள் எந்த நல்ல காரியத்தையும் தொடங்குவதில்லை. சுவிஸுக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. லாங்கன்தாலில் குடிபுகுந்த அன்று அடுக்குமாடி வாசலில் உடைத்தேன். (கீழ்வீட்டுக்காரி பொலிஸைக் கூப்பிடவில்லை. விளக்குமாறு கொண்டு வந்து என் கையில் தந்தாள்.) கார் வாங்கியபோது உடைத்தேன். மகள் அபி ஜெனீவாவுக்கு வேலைக்குப் போன அன்று மட்டும் உடைக்க முடியவில்லை. ரயிலில் போனாள், ஸ்டேஷனில் எங்கே உடைப்பது? அதனால்தான் பிள்ளை எங்களை விட்டுத் தூரமாகவே இருக்கிறாள் என்று எனக்கு ஒரு எண்ணம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

அபி படித்தது காட்டு மிருகங்களைப் பற்றி. சொந்தக்காரர்கள் "மிருக டொக்டரோ?" என்று கேட்பார்கள். "இல்லை, மிருகத்தைப் பாக்கிறவள்" என்று நான் சொல்ல, அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஜெனீவாவில் சில காலம் அலுவலகத்தில் இருந்தவள், பிறகு யூரா மலைக்கு வந்துவிட்டாள். இந்த நாட்டிலிருந்து பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன எல்க் மான்களை மறுபடியும் காட்டில் வாழ வைக்கும் வேலை. குதிரையைவிட உயரம், தொங்கிப்போன மூக்கு, எப்போதும் ஏதோ மனத்தாங்கலில் இருப்பதுபோன்ற முகம். முதலில் சில எல்க்குகளைச் சுவீடனிலிருந்து கொண்டு வந்து, வேலி போட்ட பெரிய காட்டில் பழக்குவது திட்டம். ஊர் ஆட்கள் அவற்றோடு ஒத்துப்போனால் பிறகு வேலியை எடுப்பார்களாம்.

அந்த மலை எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் அபி வருவதில்லை. நான் போன் பண்ணினால், "அப்பா, காட்டுக்குள்ளை நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்பாள். அந்தப் பிறகு வரவே வராது. எல்க்குக்குக் கழுத்தில் ஒரு பட்டி கட்டி, அது எந்த மரத்தடியில் நிற்கிறது என்று கணினியில் பார்ப்பார்களாம். என் பிள்ளை எங்கே நிற்கிறாள், சாப்பிட்டாளா என்று பார்க்க எனக்கு ஒரு பட்டியும் இல்லை. அவள் இல்லாத வீடு எனக்கு வீடாகவே இல்லை. நான் எல்க்கின் மேல் பொறாமைப்பட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் அவளே போன் பண்ணினாள்.

"அப்பா, சனிக்கிழமை முதல் எல்க்கைத் திறந்து விடுறம். எங்கடை வீட்டு ஆக்களும் வரலாம். நீங்களும் அம்மாவும் வாறீங்களோ?"

"ஓம், ஓம், கட்டாயம் வாறம்."

"ஆனா ஒரு சத்தமும் போடக் கூடாது. அது லொறியிலை கன தூரம் வந்து பயந்துபோய் இருக்கும். போனை நிப்பாட்டி வையுங்கோ. சாப்பாட்டுப் பெட்டியும் வேண்டாம்."

நான் மிகக் கவனமாகக் கேட்டேன். தேங்காயைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"பிள்ளையின்ரை பெரிய காரியம், சும்மா போறதோ?" என்று மனைவி மலர் தேங்காய்க்கு மஞ்சள் பூசி என் பையில் வைத்தாள். (இதை அவள் இன்று மறுக்கிறாள். மஞ்சள் பூசியது எல்க்தான் போலிருக்கிறது.)

போய்ப் பார்த்தால், காட்டு வேலியின் வாசலில் ஒரு பெரிய மரப்பெட்டி. உள்ளே பெட்டை எல்க். பெட்டியின் கதவு காட்டைப் பார்த்தபடி இருந்தது. பெட்டிக்கும் வாசல் தூணுக்கும் இடையில் இருந்த இடைவெளியைப் பச்சைப் படங்குத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். பின்னால் ஒரு கயிறு, கயிற்றுக்குப் பின்னால் நாங்கள். எங்களோடு பக்கத்துத் தோட்டத்துப் பண்ணைக்காரரும் கை கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய ஆப்பிள் மரங்கள் வேலிக்கு அருகிலேயே நின்றன. ஒரு எல்க் தன் தோட்டத்தில் கால் வைத்தாலும் ஊர்ச்சபையில் திட்டத்தை நிறுத்திவிடுவேன் என்று சொல்லியிருந்த மனிதர். அவரைச் சம்மதிக்க வைக்கவே அபி அவர் வீட்டுக்கு நடையாய் நடந்திருக்கிறாள். (எங்கள் வீட்டுக்கு அந்த நடை நடந்திருக்கலாம்.)

கதவைத் திறந்தார்கள். எல்க் வரவில்லை. எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் நின்றோம். மூக்கு மட்டும் வெளியே வந்தது, பிறகு உள்ளே போனது. அபியின் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும்போது இருந்த அதே முகம். எனக்குத் தாங்கவில்லை. பிள்ளையாருக்குச் சேர வேண்டியது சேரவில்லை, அதுதான் தடங்கல் என்று என் புத்தி சொன்னது. ஆட்களுக்குக் கிட்டே உடைத்தால் அபிக்கு வெட்கமாக இருக்கும் என்று, வேலியின் வெளிப்பக்கமாகவே மெல்ல நடந்து, காட்டோரமாக நல்ல எல்லைக்கல் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சத்தம் போடக் கூடாது என்பதும் நினைவிருந்தது. ஆகையால் மெதுவாகத்தான் உடைத்தேன்.

மலைக்குள் மெதுவாக உடைக்கிற தேங்காய் என்று ஒன்று இல்லை. வேட்டு வைத்ததுபோல அது எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

அந்த நொடியில்தான் எல்க் பெட்டியை விட்டு இரண்டு கால் எடுத்து வைத்திருந்தது. முன்னால் வெடிச்சத்தம் கேட்டால் யார்தான் முன்னால் போவார்கள்? திரும்பியது. படங்கைக் கிழித்தது. எங்கள் கயிற்றையும் என் மனைவியின் குடையையும் தாண்டி, நேரே பண்ணைக்காரரின் ஆப்பிள் தோட்டத்துக்குள் போய் நின்றது. நின்று, கீழே விழுந்து கிடந்த ஆப்பிளைத் தின்னத் தொடங்கியது.

அபி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓடி வந்த என் கையில் இருந்த தேங்காயின் இரண்டு பாதியையும் பார்த்தாள்.

"அப்பா, பிட்டே, காருக்குள்ளை போய் இருங்கோ." கோபம் வந்தால் அவளுக்குத் 'தயவுசெய்து' ஜெர்மனில்தான் வரும்.

இருந்தேன். பின்னேரம் வரைக்கும் இருந்தேன். அபியும் ஆட்களும் வில்லோ மரக் கிளைகளைக் காட்டி, எல்க்கைக் கெஞ்சிக் கெஞ்சி அழைத்துப் போவது கண்ணாடியூடாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அது வாசல் வரை வந்து, ஆப்பிளை நினைத்துத் திரும்பிப் போனது. கடைசியில் எப்படியோ உள்ளே போனது. அபி காருக்கு வந்தாள். உடம்பெல்லாம் சேறு.

"ஏனப்பா உடைச்சனீங்கள்?"

"உனக்கு எல்லாம் நல்லா நடக்க வேணுமெண்டுதான்."

அவள் கையிலிருந்த சேற்றை வழித்து எறிந்தாள். "சாப்பிட்டியோ?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். என்னிடம் இருந்தது தேங்காய் மட்டும்தான். நீட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

திட்டம் நிற்கவில்லை. பண்ணைக்காரர் தோட்டத்து மர வாங்கில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்தாராம். "இந்த மூக்கை வைத்துக்கொண்டு இது யாரை என்ன செய்யப்போகிறது" என்று சொல்லிவிட்டு தன் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டாராம். அந்த எல்க்குக்கு ஆட்கள் வைத்த பெயர் கொக்கோஸ்நுஸ். ஜெர்மனில் தேங்காய்தான். எங்கள் சனத்தில் இப்போது யார் புதுக் கார் வாங்கித் தேங்காய் உடைக்கப் போனாலும், "பொறுங்கோ, மான் ஏதும் நிக்குதோ பாத்திட்டு உடையுங்கோ" என்று ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். ஆராவ் நகரத்தில் என்னைத் தெரியாத ஆட்களும் சொல்கிறார்களாம்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்தேன். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அபி எனக்குப் போன் பண்ணவில்லை. நான் பண்ணினால் மலரிடம் கொடுக்கச் சொன்னாள்.

பனி உருகி, மரங்கள் துளிர்த்த பிறகு ஒருநாள் என் போன் அடித்தது.

"அப்பா, கொக்கோஸ்நுஸ் குட்டி போட்டிருக்கு. வரேக்கையே சினையாய் இருந்திருக்கு. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பாக்க வாறீங்களோ?"

நான் அதற்குள் கார்ச் சாவியைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

"வெறுங்கையோடை வாங்கோ" என்றாள்.

பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு போவது எனக்குத் தெரியாத வித்தை. மலர் என் பையை, சட்டைப் பையை, கார் டிக்கியைச் சோதித்துத்தான் அனுப்பினாள். காட்டுக்குள் ஒரு மரக்குற்றியில் அபியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அத்தனை மாதமும் நான் கேட்டது இதைத்தான். குட்டி வரவில்லை.

அடுத்த கிழமையும் போனேன், வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. "உங்களுக்கு அலுக்கேல்லையோ?" என்று அபி காதுக்குள் கேட்டாள். அது ஆறுதலாக வரட்டும், அவசரமில்லை என்று சொன்னேன்.