மூன்றாம் பாடமும் என் நாற்காலியும்

இனிமேல் இந்த வீட்டில் என் மூளைதான் ஆட்சி செய்யும் என்று போன ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போது சபதம் எடுத்தேன். உடனே குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் தொழில், யோசிக்கக் கற்றுக்கொடுப்பது. சிரிக்காதீர்கள். கம்பெனி கம்பெனியாகப் போய், சிக்கலை எப்படி அவிழ்ப்பது, எதிராளியை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று மேனேஜர்களுக்கு வகுப்பு எடுப்பேன். கைதட்டுவார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்த அறிவும் கழன்றுவிடும். ஒவ்வொரு வகுப்பையும் முதலில் மனைவி முன்னால்தான் ஒத்திகை பார்ப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். "உதாரணம் சப்புன்னு இருக்கு" என்பாள். அவ்வளவுதான்.

இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தது ஒரு சின்ன அறை. அதில் ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. யாரும் என்னை எதுவும் கேட்காத ஒரே இடம். அதற்குத்தான் மனைவி வழியாக ஆபத்து வந்தது.

"என் தம்பிக்கு இங்கயே வேலை கிடைச்சிருக்குங்க. வீடு பாக்கிற வரைக்கும் அந்த ரூம்ல இருக்கட்டுமே."

தம்பி டிரம்ஸ் வாசிப்பவன். வீடு பார்ப்பதில் அவசரமே காட்டாதவன்.

என் வகுப்பின் மூன்றாம் பாடத்தைக் கையில் எடுத்தேன். முதலில் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக ஒன்றைக் கேள். எதிராளி பதறுவான். 'சரி, அது வேண்டாம், இது போதும்' என்று உனக்கு வேண்டியதைக் கேள். விட்டால் போதுமென்று தலையாட்டிவிடுவான்.

"தாராளமா இருக்கட்டும்மா. அப்படியே எங்க அண்ணன், அண்ணி, மூணு பசங்க, அவங்க நாய், எல்லாரும் வந்துடட்டும். நிரந்தரமா."

பதறுவாள், 'போகட்டும், யாருமே வேண்டாம்' என்று பெருந்தன்மையாக முடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

"அட, இதை ஏங்க இத்தனை நாளா சொல்லல? எனக்கும் வீடு கலகலன்னு இருந்தாத்தான் பிடிக்கும். இருங்க, உங்க அண்ணிக்கு இப்பவே போன் போடறேன்."

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரே சிரிப்பு. "நாய்க்கு பால்கனி இருக்குக்கா!" என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. என் அண்ணன் குறட்டை விட்டால் எதிர்வீட்டில் எழுந்து விளக்குப் போடுவார்கள்.

வெளியே வந்தாள். "மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. பெரிய பையன் உங்க நாற்காலி தனக்குத்தான்னு இப்பவே சொல்லிட்டானாம்."

"ஐயையோ! நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்!"

"பேச்சுக்கா? பாவம், எவ்ளோ சந்தோஷப்பட்டாங்க தெரியுமா? இப்ப எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வேண்டாம்னு சொல்றது?"

"எப்படியாவது சொல்லும்மா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நீ என்ன சொன்னாலும் சரி."

யோசித்தாள். பெருமூச்சு விட்டாள். "சரி, கெட்ட பேரு எனக்கே வரட்டும். அவங்க யாரும் வேண்டாம். என் தம்பி ஒருத்தன் மட்டும் போதும். என்ன?"

"நீ தெய்வம்மா!" என்றேன். கண் கலங்கிவிட்டது. நாற்காலியை நானே தூக்கிக்கொண்டுபோய் பால்கனியில், வாஷிங் மெஷின் பக்கத்தில் போட்டேன். டிரம்ஸ் வைக்க இடம் வேண்டுமே என்று கட்டிலையும் நகர்த்திக் கொடுத்தேன்.

சாயங்காலம் மனசு கேட்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"தப்பா எடுத்துக்காதண்ணா. இப்போதைக்கு நீங்க வர வேண்டாம்..."

"எங்கடா வரணும்? எங்களை யாருமே கூப்பிடலையே! உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

போனை வைத்தேன். எனக்கு விமோசனமே கிடையாது என்று அந்த நிமிடம் தெரிந்துபோயிற்று. உள்ளே அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ அண்ணிக்குப் போனே பண்ணலையா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூணாவது பாடத்துக்கு உதாரணம் சப்புன்னு இருக்குன்னு எத்தனை தடவைங்க சொன்னேன்? நாளைக்கு வகுப்புல இதைச் சொல்லுங்க."