பசைக்கோட்டின் முடிவில் ஒரு மாங்காய்

ராயபுரம், மார்ச் 2004

அன்புள்ள ஹபீபுல்லா மாமாவுக்கு, நவ்ரீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா நலம், தம்பி நலம், தையல் மிஷினும் நலம். நான் மட்டும் சுமார்.

ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அழைத்துப் போங்கள். நீங்கள் சொன்ன வாணியம்பாடி ஷூ கம்பெனிக்கே வருகிறேன். திருவொற்றியூர் வேலை நாளை போய்விடும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, யாரிடமும் பேச வேண்டாம் என்பதால். நகம் அளவு பிளாஸ்டிக் தகடு, அதில் தலைமுடி போல ஒரு வாய்க்கால். சோதனைக்கு ஒரு துளி ரத்தம் அதில் ஓடுமாம். வாய்க்காலின் கரையோரம் ஊசியால் பசைக்கோடு போட்டு மூடியை ஒட்ட வேண்டும். பெடலை மிதித்தால் காற்று தள்ளும், பசை வரும். அந்தப் பசை இருக்கிறதே, வெல்லப்பாகை விடக் கெட்டி! மிதித்தால் உடனே வராது, காலை எடுத்தால் உடனே நிற்காது. கோடு முடிந்த பிறகும் ஒரு சொட்டு வந்து வாய்க்காலை அடைத்துவிடும்.

"புரிஞ்சுதாடி?" என்றார் சூப்பர்வைசர் எல்சி அக்கா. தலையாட்டினேன். "இன்னா புரிஞ்சுது, சொல்லு?" அதற்கும் தலையாட்டினேன். பிறகு, வெயில் பட்டால் இளகுமே என்று பசைக்குழாயை ஜன்னலோர மேசையில் வைத்தேன். நன்றாகவே இளகி மேசை முழுக்க ஓடி, அக்காவின் டிபன் பாக்ஸ் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் அந்த மேசைக்கு வந்துதான் சாப்பிடுகிறார்.

இன்றைக்கு அதை விட மோசம். பெருநாளுக்குத் தெருவில் பாதிப் பேருக்கு மருதாணி போட்ட கை இது. மருதாணிக் கோன் பிடித்த பழக்கத்தில், ஒவ்வொரு கோடும் முடியுமுன்பே காலை எடுத்து, மிச்சப் பசையை வாய்க்காலுக்கு வெளிப்பக்கம் சுழித்து, மருதாணியில் வைக்கிற மாங்காயை வைத்துவிட்டேன். ஒரு தட்டில் இருந்த தகடுகள் முழுக்க!

எல்சி அக்கா பூதக்கண்ணாடியில் பார்த்தார். "இன்னாடி இது? டெஸ்டுக்குப் போவுதா, கண்ணாலத்துக்குப் போவுதா? வேம்பு, இந்தக் கூத்த வந்து பாரு!"

பக்கத்து மேசை வேம்பு அக்கா குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஒரு ஜோடி குடுக்கா, காதுல மாட்டிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நாளை தண்ணீர் விட்டுச் சோதிப்பார்களாம். அதன்பின் நான் எதற்கு?

மாமிக்கு சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட சுகத்தையும் எனக்கு ஷூ ஒட்டும் அறிவையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் மருமகள் நவ்ரீன்

பின்குறிப்பு (மறுநாள்): தபால்தலை வாங்காததால் கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. மாமா, அழைத்துப் போக வர வேண்டாம்! எல்லாத் தகட்டிலும் தண்ணீர் ஓடியது. அந்தக் கடைசிச் சொட்டு மாங்காய்க்குள் போய்விட்டதாம். "இனிமே அல்லாரும் கோட்டோட வாலை இப்டி வெளியே சுழிங்க. மாங்கா வேணாம், பசை தண்டம்" என்றார் எல்சி அக்கா. எப்படிச் செய்தாய் என்று கேட்டார். தலையாட்டாமல் வாயைத் திறந்து சொன்னேன், மாமா! அவர் காதில் விழவில்லையாம். நாளை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.