சென்சாருக்குச் சாம்பிராணி

பூலோகம் அண்ணாச்சிக்கு முதலில் அநியாயம் செய்தவன் சுடலைக்கண்ணன். அவர் மனைவி முப்பிடாதியம்மாளின் கூடப்பிறந்த தம்பி. மும்பை செம்பூரில் கார் மெக்கானிக் கடை வைத்திருந்தான். தாராவியில் அம்மன் கோயில் கொடைவிழா நடந்தபோது, பந்தியில் சொந்தபந்தம் முழுக்க உட்கார்ந்திருக்க, சாம்பார் வாளியோடு நின்று அவன் சொன்னான்: "எங்க அத்தானுக்குக் காரைத் துடைக்கத் தெரியும். அதுக்கு மேல காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

பந்தி சிரித்தது. பூலோகம் இலையை மூடிவிட்டு எழுந்தார். அப்போது பாயசம் இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. அந்தப் பாயசப் பாவமும் சுடலைக்கண்ணன் தலையில்தான்.

அன்றைக்கே சபதம் எடுத்தார். அவன் தன் வாயால் மன்னிப்புக் கேட்கும்வரை அவன் கடை மண்ணை மிதிப்பதில்லை. தீபாவளிக்கு அவன் கொடுத்தனுப்பிய முறுக்கைக்கூடத் தொடவில்லை, முப்பிடாதி வீட்டில் இருந்தவரைக்கும்.

இப்படியிருக்கக் கார் மக்கர் செய்தது. கிளம்பினால் விக்கியது, மிதித்தால் இருமியது. சயான் சிக்னலில் பின்னால் நின்ற டாக்ஸிக்காரன் பூலோகத்தின் பரம்பரையையே ஹிந்தியில் விசாரித்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை வாஷியில் முப்பிடாதியின் சித்தி மகள் வீட்டுப் பால்காய்ப்பு வேறு.

"தம்பியைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு. வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு."

"கோளாறு வண்டிக்கு. அவன் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

"எல்லாம் திருஷ்டிதான்ட்டி. உன் தம்பி கண்ணு. வெள்ளிக்கு வெள்ளி நான் சாம்பிராணி போடலைன்னா இந்த வண்டி என்னைக்கோ செத்திருக்கும்."

சாம்பிராணி போட்டது உண்மைதான். பானட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, காற்று இழுக்கும் குழாய்க்கு நேராகத் தூபக்காலைப் பிடிப்பார். குழாய் புகையை விர்ரென்று இழுக்கும். "பாத்தியா, எவ்வளவு பக்தியாக் குடிக்குது" என்பார்.

கீழே மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்த நயினார்தான் வீடியோ போட்டுக் காட்டினான். என்ஜினுக்குள் எவ்வளவு காற்றுப் போகிறது என்று அளந்து சொல்ல ஒரு சென்சார் உண்டாம். அதற்குள் தலைமுடி மாதிரி ஒரு கம்பி. அதில் அழுக்குப் படிந்தால் வண்டி விக்குமாம். அதைக் கழுவுகிற ஸ்பிரே அவன் கடையிலேயே இருந்தது.

"அண்ணாச்சி, இதெல்லாம் சுடலைகிட்ட..."

"அந்தப் பேரை எடுக்காதே. ஸ்பிரேயை எடு."

சனிக்கிழமை காலை பூலோகம் பானட்டைத் திறந்தார். முப்பிடாதி ஜன்னலில் நின்றாள்.

"ஏங்க, என் பல் விளக்குற பிரஷ் எங்க?"

"இதுல பிரஷ்ஷே படக் கூடாதுட்டி. கம்பி அறுந்துரும். ஸ்பிரே மட்டும்தான்."

"அப்போ கையில என்ன?"

பூலோகம் பிரஷ்ஷைப் பின்பக்கம் மறைத்தார்.

ஸ்பிரேயை அடித்து, சென்சாரை வீட்டுக்குள் கொண்டுவந்து, வெள்ளித்தட்டில் காயவைத்தார். அது காயும்வரை வீட்டில் யாரும் தும்மக் கூடாது என்று உத்தரவு. பிறகு திருப்பி மாட்டப் போனவர் காற்று வடிகட்டியைப் பார்த்தார். கரிச்சட்டி மாதிரி இருந்தது. தூக்கிக் குப்பையில் எறிந்தார்.

"அது வேண்டாமா?"

"காத்துக்கு எதுக்குட்டி வடிகட்டி? டீயா போடுதோம்?"

முப்பிடாதி உள்ளே போய் யாரிடமோ போனில் "சரி, சரி" என்றாள்.

சாவியைத் திருப்பினார். விக்கல் இல்லை, இருமல் இல்லை. தொண்ணூறடி ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, சாமி தேரில் வருவதுபோல வந்து இறங்கினார். "யாருக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது?" என்று தெருவைக் கேட்டார். தெரு அதன் வேலையைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி பட்டுச்சேலை கட்டி, தூபக்காலோடு வந்தாள். அதில் எரிமலை புகைந்தது.

"உங்க கையால சரிபண்ணின வண்டி. ஊர்க்கண்ணே படும். இன்னைக்குக் கொஞ்சம் கூடவே போடுங்க."

கல்யாணமானதிலிருந்து அவள் அவரைப் பாராட்டிப் பேசியது அதுதான் முதல் தடவை. பூலோகத்துக்குக் கண் கலங்கியது. புகையிலும் கலங்கியது. கொசுமருந்து அடிக்கிறார்கள் என்று மேல்மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். குழாய் அத்தனையையும் குடித்தது.

சயான் தாண்டியதும் வண்டி தொண்டையைக் கனைத்தது. செம்பூர் வருவதற்குள் குதிரையாகத் துள்ளியது. பூலோகத்துக்கு ரோடு மட்டும்தான் தெரிந்தது.

"இடது பக்கம் வளைங்க, நிழலா இருக்கும். இன்னும் கொஞ்சம். இப்படி வலதுல. அந்த மரத்தடி வரைக்கும்" என்று முப்பிடாதி வழி சொன்னாள்.

வண்டி கடைசியாக ஒரு விக்கல் விக்கி நின்றது. பூலோகம் தலையைத் தூக்கினார். எதிரே கடை வாசலில் சுடலைக்கண்ணன். சலவைச் சட்டை, ஒரு கையில் ஸ்பிரே, மறுகையில் புது வடிகட்டி. ஸ்டூலில் மூன்று கிளாஸ் டீயில் ஆவி பறந்தது. ஒன்று சர்க்கரை போடாதது. சர்க்கரை வியாதி அங்கே பூலோகத்துக்கு மட்டும்தான்.

"வாங்க அத்தான். வடிகட்டியைத் தூக்கி எறிஞ்சுட்டீங்களாமே. எறங்குங்க."

"எறங்க மாட்டேன். இந்த மண்ணை மிதிக்க மாட்டேன்."

"மிதிக்க வேண்டாம், உக்காந்தே குடிங்க" என்று முப்பிடாதி இறங்கிப் போய் டீயை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். பானட்டுக்குள்ளிருந்து சுடலைக்கண்ணன் குரல் வந்தது: "வெறும் சாம்பிராணிப் பிசின், அக்கா. நான் சொன்ன மாதிரியே செம்பூர் வரைக்கும் தாக்குப்பிடிச்சிருக்கு பாரு."

வேலை முடிந்ததும் அவன் கதவைத் திறந்தான். "பின்னால போங்க அத்தான். நானும் வாஷிக்குத்தான். ஓட்டிப் பாத்துக்கிட்டே போயிருவோம்."

சபதம் சபதம்தான். பூலோகம் வேட்டியை மடித்துக் கட்டி, கால் தரையில் படாமல், இரண்டு இருக்கைக்கும் நடுவே ஏறிப் பின்சீட்டில் விழுந்தார்.

வாஷிப் பாலத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"முதல்ல அவனை மன்னிப்புக் கேக்கச் சொல்லுட்டி."

"கேப்பான், கேப்பான். பின்கண்ணாடி பூராப் புகை படிஞ்சு கிடக்கு. தம்பிக்குப் பின்னால வாற வண்டி தெரியலையாம்" என்று முப்பிடாதி முன்சீட்டிலிருந்து ஒரு துணியை நீட்டினாள்.

பூலோகம் துடைத்தார்.

"மூலையில கொஞ்சம் விட்டுட்டீங்க, அத்தான்" என்றான் சுடலைக்கண்ணன்.