உள்ளூர்க் கார்டும் ஒரு ஜோடிக் காதும்

மூன்றாவது தடவையும் மெஷின் 'கீங்' என்று அழுதது.

"அம்மா, கார்டு செல்லாதாம்," என்றாள் தையல்காரம்மாவின் மகள்.

"ஏன் செல்லாது? கிளம்பறதுக்கு முந்தின நாள்கூட இதை வச்சுத்தானே பெட்டி வாங்கினேன்! துடைச்சுட்டுப் போடச் சொல்லு."

தையல்காரம்மா கார்டை வாங்கி, கைக்குட்டையால் துடைத்து, ஒரு ஊது ஊதிக் கொடுத்தார். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே நான்காவது தடவை செருகினாள். கீங்.

அந்தப் பெண் திரையைப் பார்த்து அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னாள். மகள் தலையில் கை வைத்தாள்.

"உள்நாட்டுக்கு மட்டும்னு வருதாம். வெளிநாட்டுல தேய்க்கற வசதியை நம்ம பேங்க்ல திறந்து விடணும். கிளம்பறதுக்கு முன்னாடியே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"சொன்ன, சொன்ன. கார்டு எங்க போனாலும் கார்டுதானேன்னு நான்தான் இருந்துட்டேன்."

மேஜை மேல் ஒரு சின்ன டப்பா திறந்திருந்தது. உள்ளே மொச்சைக் கொட்டை அளவுக்கு இரண்டு காது கேட்கும் கருவிகள். காதுக்குள் வைத்தால் வெளியே தெரியாது. சத்தத்தைப் போனிலேயே கூட்டிக் குறைக்கலாம். கடையில் இருந்ததே இந்த ஒரு ஜோடிதான். தையல்காரம்மாவுக்கோ நாளைக் காலையில் ஊர் திரும்ப விமானம்.

"நான் குடுத்துடறேன்மா. ஊருக்குப் போய்த் திருப்பிக் குடு," என்று மகள் பையைத் திறந்தாள்.

"கையை எடு! உங்கப்பாவுக்கு நான் வாங்கிக் குடுக்கறது. நான் தைச்ச காசுலதான் வாங்குவேன்."

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்பது மகளுக்குத் தெரியும். தன் போனில் வங்கியின் செயலியைத் திறந்து, அம்மாவின் கணக்குக்குள் நுழைந்து, வெளிநாட்டு வசதியைத் தட்டினாள். ஆறு இலக்க ரகசிய எண்ணை அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது.

"உன் போனைப் பாரும்மா. நம்பர் வந்திருக்கும்."

தையல்காரம்மா போனைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

"அது... உங்கப்பா போனுக்குப் போயிருக்கும்."

"என்னது?"

"கணக்கு ஆரம்பிச்சப்போ என்கிட்ட ஏதுடி போன்? ஒரு நம்பர் குடுங்கன்னாங்க, அவர் நம்பரைக் குடுத்தேன். அப்புறம் மாத்தணும்னு தோணவே இல்ல. புருஷன் நம்பரும் நம்ம நம்பர்தானே?"

இப்போதுதான் விஷயம் வில்லங்கமானது. தையல்காரம்மாவின் கணவரான பெயின்டருக்குத் தெரியாமல் வாங்க வேண்டிய பொருள் அது. அந்த மனுஷனைக் காது டாக்டரிடம் மூன்று தடவை கூட்டிப் போய், மூன்று தடவையும் மாடிப்படியிலேயே நழுவ விட்டவர் தையல்காரம்மா. தெரிந்தால் 'எனக்கு எதுக்கு?' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஆனால் அவர் வாயால் நம்பரைச் சொன்னால்தான் வாங்கவே முடியும்.

வேறு வழியில்லாமல் வீடியோவில் கூப்பிட்டார்கள். பெயின்டரின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"ஏங்க! பேங்க்லேர்ந்து நம்பர் வந்திருக்கா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன்!"

"நம்பருங்க! ஆறு நம்பர்!"

"ஆமா, இங்கயும் நல்ல மழை!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரப் பெண் ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். காது கேட்காதவர் எத்தனையோ பேரைப் பார்த்தவள்தான், ஆனால் இப்படிக் கத்துகிறவரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மகளுக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாவுக்குப் போனில் டைப் அடிக்க வராது, போட்டோ எடுக்க வரும். "அப்பா, பேங்க் நம்பரைப் பேப்பரில் எழுதி போட்டோ அனுப்புங்க" என்று செய்தி அடித்தாள். நல்ல யோசனைதான். ஆனால் அப்பா விளம்பரப் பலகை எழுதுகிறவர். ஏழு நிமிஷம் கழித்து வந்த படத்தில் ஆறு எண்களும் நீல வண்ணத்தில், சிவப்பு நிழல் வைத்து, ஜம்மென்று நின்றன. ரகசிய எண்ணின் ஆயுசோ மூன்று நிமிஷம்.

"புது நம்பர் வரும், நிழல் வேண்டாம்பா! சீக்கிரம்!" என்று மறுபடி அடித்தாள்.

இந்தத் தடவை சீக்கிரமே வந்தது. ஆனால் நடுவில் இருந்தது ஒன்றா, ஏழா என்று தெரியவில்லை.

"ஒண்ணுதாண்டி. முப்பது வருஷமா போர்டு எழுதறவர், ஏழுக்குத் தொப்பி வைக்காம விடுவாரா?"

ஒன்றைப் போட்டார்கள். தவறு. மூன்றாவதாக ஒரு எண் வாங்கினார்கள். அச்சடித்த மாதிரி தெளிவாக இருந்தது. அதுவும் தவறு. 'பாதுகாப்புக் காரணத்தால் உங்கள் கணக்கு இருபத்து நான்கு மணி நேரம் பூட்டப்படுகிறது' என்றது திரை.

"திறக்கச் சொன்னா பூட்டிட்டியேடி!"

வங்கியின் உதவி எண்ணில் கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள். பெயின்டரின் எண்ணுக்குத் தாங்களே கூப்பிட்டு, அவர் வாயால் சம்மதம் வாங்கினால் திறந்துவிடலாம் என்றாள்.

"அவருக்குக் காது கேக்காதும்மா!"

"அப்போ பக்கத்துல யாராவது நின்னு சொல்லட்டுங்கம்மா. அரை மணி நேரத்துல கூப்பிடறோம்."

உடனே கீழ்வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போனது. அவரும் நல்ல மனசோடு மாடியேறிப் போனார். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"அக்கா, தட்டித் தட்டி என் கை வீங்கிடுச்சு. திறக்க மாட்டேங்கறாரு. உள்ள ஃபேன் ஓடற சத்தம் கேக்குது. எனக்கென்னமோ பயமா இருக்கு. பூட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கோம், தெருவே இங்கதான் நிக்குது."

"உடைங்க! கதவு போனாப் போகுது!"

அடுத்த போன் வரும் வரைக்கும் உயிர் கையில் இல்லை. வந்தது.

"ஒண்ணுமில்லக்கா. பூட்டுக்காரர் சுத்தியலை ஓங்கினாரு, உங்க வீட்டுக்காரரே திறந்துட்டாரு. 'என்ன இங்க கூட்டம்?'னு கேக்கறாரு. நல்லாத்தான் இருக்காரு."

தையல்காரம்மா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். கடை மூடும் நேரம். கடைக்காரப் பெண் விளக்கை அணைக்காமல், வாசல் பலகையை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னவாம் என்று மகளிடம் கேட்டாள்.

"நீயே சொல்லு அவகிட்ட," என்றார் தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நான் முதமுதல்ல போட்ட கடை ஆறே மாசத்துல படுத்துடுச்சு. ஊரே சிரிச்சது. இவர் ஒரு வார்த்தை சொல்லல. தன் ஸ்கூட்டரை வித்துட்டு எனக்குப் புது மிஷின் வாங்கிட்டு வந்தாரு. நாலு வருஷம் பெயின்ட் டப்பாவைத் தூக்கிட்டு நடந்தே வேலைக்குப் போனாரு. கேக்கறவங்ககிட்டல்லாம் 'டாக்டர் நடக்கச் சொன்னாரு'ன்னு சொல்லிட்டு. அதுக்கு நான் ஒரு நன்றி சொல்லல. மூஞ்சியைப் பார்த்தா எனக்கு நாக்கு எழாது. அஞ்சு வருஷம் முன்னாடி சளி வந்து அவர் காது அடைச்சுது. அதுக்கப்புறம்தான் எனக்கு நாக்கே வந்துச்சு. அவர் ஜன்னலோரமா உட்கார்ந்து பேப்பர் படிப்பாரு, நான் பின்னால உட்கார்ந்து தைச்சுக்கிட்டே தினமும் சொல்வேன். திட்டறதும் உண்டு, அது வேற. ஆனா கேக்காத மனுஷனுக்குச் சொல்லி என்ன புண்ணியம்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் காதுல விழற மாதிரி சொல்லிடணும். இதெல்லாம் தெருவுக்கே கேக்கறாப்ல கத்திச் சொல்ற விஷயமா?"

மகள் பாதியை மொழிபெயர்த்தாள். மீதிப் பாதியைக் கண்ணைத் துடைத்துக்கொண்டே விட்டுவிட்டாள். கடைக்காரப் பெண்ணுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் கடையைத் திறந்து வைத்திருப்பதாகச் சொன்னாள். முன்பின் தெரியாத பெண். தையல்காரம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "நீ நல்லா இருக்கணும் தாயி," என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

போன் அடித்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பேங்க்லேர்ந்து பேசறேங்கம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டோம். வெளிநாட்டு வசதி வேண்டாம்னுட்டாரு."

"ஐயோ, நீங்க கேட்டது அவருக்கு விழுந்திருக்காதும்மா! எதைக் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்வாரு. நல்லாக் கத்திக் கேளுங்க!"

"நான் எதுக்குங்கம்மா கத்தணும்? 'மெதுவாப் பேசும்மா, வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க'ன்னு அவர்தான் என்கிட்டச் சொன்னாரு. நீங்க முதல் தடவை கார்டைப் போட்டப்பவே கடைப் பேரோட அவருக்கு மெசேஜ் போயிருக்கு. காது மிஷின் கடைன்னு பார்த்துட்டாராம். அப்புறம் அனுப்பின நம்பர் எல்லாம் வேணும்னே மாத்தி அனுப்பினதாம்."

மகள் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினாள்.

"சொல்லாதேன்னுதான் சொன்னாரு, ஆனா எனக்கு மனசு கேக்கல," என்று வங்கிப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "காது ரெண்டே மாசத்துல சரியாயிடுச்சாங்கம்மா, 'எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா, அவ என் முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்து தினமும் சொல்றதை நிறுத்திடுவா'ன்னு சொல்றாரு."