டெனெப் என்றால் கோழிவால்தான், இருக்கட்டுமே

அன்புள்ள மச்சான் சிராஜ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபாலபுரம் மளிகைக்கடை நூஹு எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் சுகம். சக்குபள்ளத்தில் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள்; அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் அப்படி வாய்விட்டுச் சிரித்த மனிதருக்கு என்ன நோய் வரும்? குடும்ப வாட்ஸாப் குழுவிலிருந்து நான் விலகிவிட்டதால் தபாலில் எழுதுகிறேன்.

என் பேத்தியின் பேரை மாற்றச் சொல்லி எல்லோரிடமும் பேசுகிறீர்களாமே? மாற்ற மாட்டேன். முதலில் நானும் எதிர்த்தவன்தான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தும் என் மகள் ஃபர்ஸானா, நட்சத்திரத்தின் பேர் என்று 'டெனெப்'பைச் சொன்னதும், இங்கிலீஷ் பேரெல்லாம் ஆகாது என்று குதித்தேன். "ஏனுங்க அத்தா, அது அசல் அரபிங்க. வானத்துல எத்தனையோ நட்சத்திரத்துக்கு அரபிக்காரங்க வெச்ச பேருதானுங்க" என்றாள். அரபி என்றால் பிறகென்ன? நாற்பது வருஷமாக ஓதுகிறேன், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டதில்லை, இதற்கு மட்டும் கேட்பேனா? பள்ளிவாசலில் பெருமையடித்து, ஏழாம் நாள் ஆடறுத்து, பிள்ளை காதில் மூன்று தடவை பேரும் சொல்லிவிட்டுப் பந்தி போட்டால், சவூதியில், தம்மாமில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டிய நீங்கள் கறியும் கையுமாக, "மாப்ளே, அது 'தனப்' இல்ல? அரபியில வாலு!" என்று கத்துகிறீர்கள். உண்மை பேசும் வியாதி பிடித்த என் மகள், "ஆமாங்க மாமா, கோழியோட வாலு" என்கிறாள். பந்தியே சோற்றை விட்டுவிட்டுச் சிரித்தது.

சிரிங்க. மத்த நட்சத்திரமும் அப்படித்தானாம்; ரைஜல்னா பாதமாம், ஃபோமல்ஹாட்னா மீன் வாயாம். காலு, வாயின்னு வெச்சவங்களே வெக்கப்படல, நான் எதுக்குங்க படணும்? ஆயிரம் வருஷமா அந்தப் பேரு அங்கதான நிக்குது, எவனாச்சும் மாத்துனானா? உங்க தங்கச்சி கைருன்னிசா மூணு நாளா எங்கிட்டப் பேசறதில்ல. பேசாட்டிப் போகட்டும். வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ்ல டெனெப்னுதான் பதியப் போறேன். மாட்டேன்னா மாட்டேன்தான்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஸலாம், சின்னவர்களுக்கு என் துஆ. உங்களுக்கும் சேர்த்துத்தான், போங்கள்.

இப்படிக்கு,
நூஹு

பி.கு: யாரும் பக்கத்தில் இல்லாதபோது நான் பிள்ளையை எனக்குப் பிடித்த பேரில், அன்சிலா என்றுதான் கூப்பிடுகிறேன். டெனெப் என்றால் முறைக்கிறாள், அன்சிலா என்றால் சிரிக்கிறாள். ஃபர்ஸானாவுக்குத் தெரியாது. அந்தப் பேருக்கு அரபியில் என்ன அர்த்தம் என்று விசாரித்து, வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு மட்டும் ஃபோன் பண்ணுங்கள் மச்சான். வால் கீல் ஒன்றும் இல்லையே?